பச்சைப் பட்டை வந்த வழி

அகலமான ஒரு கணக்குத்தாள். இடது ஓரம் பெயர், வலது ஓரம் தொகை, நடுவில் இருபது பத்திகள். பெயரிலிருந்து கிளம்பும் கண் தொகையைப் போய்த் தொடுவதற்குள் சத்தமில்லாமல் ஒரு வரிசை கீழே இறங்கிவிடும். ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறும். கூட்டலில் பிழையில்லை, எழுதியவர் மேல் குற்றமில்லை. படித்தவரின் கண் வழுக்கியது, அவ்வளவுதான். சம்பளப் பட்டியல், தேர்வு மதிப்பெண், கடைச் சரக்கு இருப்பு என்று எதை எக்செல் ஷீட்டில் போட்டாலும் இந்த வியாதி உண்டு. அதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்கு அடியில் ஓடும் வெளிறிய நிறப் பட்டை. இன்று அதற்கு இரண்டு சொடுக்குப் போதும். ஆனால் அந்தப் பட்டை எக்செல்லுக்கு வந்து சேர்ந்தது சுற்றுவழியில்.

பட்டைக்கு மூதாதை கோடு. இன்றைய இராக்கின் தெற்கே, நிப்பூர் நகரக் கோயில் கணக்கர்கள் கி.மு. 19ஆம் நூற்றாண்டிலேயே களிமண் பலகையில் பத்தி பிரித்து, தலைப்பு எழுதி, குறுக்கிலும் நெடுக்கிலும் கூட்டுத்தொகை போட்டிருக்கிறார்கள். அதே பகுதியில் லார்சா நகரத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இன்னொரு பலகை கணித உலகில் மிகப் பிரபலம். கி.மு. 1800 வாக்கில் எழுதப்பட்ட அதற்கு இன்றைய பெயர் 'பிளிம்ப்டன் 322'. இருப்பது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். நாலு பத்தி, பதினைந்து வரிசை. ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு உண்டு. கடைசிப் பத்தியில் வரிசை எண் ஒன்றிலிருந்து பதினைந்து வரை. அதில் உள்ள கணக்கைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதன் பின்பக்கம். அங்கே ஓர் எண் கூட இல்லை. ஆனால் பத்தி பிரிக்கும் கோடுகள் மட்டும் முன்பக்கத்திலிருந்து இறங்கித் தொடர்கின்றன. எழுதியவர் இன்னும் நிறைய வரிசைகள் வரும் என்று நம்பியிருக்க வேண்டும். நாற்பது பேர் பட்டியலுக்கு ஐந்நூறு வரிசை வரை கட்டம் போட்டு வைக்கும் நம் அலுவலக நண்பர்களுக்கு அவர்தான் மூத்தவர்.

நிறம் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது. கி.மு. 1550ஐ ஒட்டி எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரிண்ட் பாப்பிரஸில் கணக்குகளின் தலைப்புகள் சிவப்பு, மற்றவை கறுப்பு. இன்னும் நுட்பமாக நிறத்தைக் கையாண்டவர் புனித ஜெரோம். யூசிபியஸ் எழுதிய உலக வரலாற்றுக் கால அட்டவணையை அவர் கி.பி. 380 வாக்கில் லத்தீனுக்குக் கொண்டுவந்தார். பல நாட்டு அரசர்களின் ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் நெருக்கியடித்து நிற்கும் நூல் அது. எந்தப் பத்தி எந்த நாடு என்ற குழப்பம் வராமலிருக்கச் சிவப்பு மையால் பிரித்ததோடு, முந்தைய தாளில் ஒரு நிறம் எந்த இடத்தில் இருந்ததோ அடுத்த தாளிலும் அதே இடத்தில் இருக்கும்படி ஏற்பாடு செய்ததாக முன்னுரையில் சொல்கிறார். ஜனவரி ஷீட்டில் நீலம் வரவு, பிப்ரவரி ஷீட்டில் நீலம் செலவு என்று பூசி வைப்பவர்கள் ஜெரோமைப் படிக்கலாம்.

இத்தனையும் கையால் போட்ட கோடும் கையால் தீட்டிய நிறமும். கோடு போடுவதைத் தொழிற்சாலை வேலையாக்கியது பேனாக் கோட்டு இயந்திரம். இங்கிலாந்தில் 1770இல் ஜான் டெட்லோ இதற்கொரு காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில் 1844இல் தொடங்கிய ஹிக்காக் நிறுவனம் இந்த இயந்திரங்களுக்கே பேர்போனது. வரிசையாகப் பொருத்திய பேனாக்களுக்குக் கம்பளித் துணி வழியாக மை கசிந்து இறங்கும். அடியில் காகிதம் நகர்ந்துகொண்டே போகும். ஒரு திசையில் கோடு விழுந்து காய்ந்தபின் தாளைத் திருப்பி இன்னொரு ஓட்டம். குறுக்கே மங்கலான நீலம், நெடுக்கே பணப் பத்திக்குச் சிவப்பு என்று நாம் பேரேடுகளில் பார்த்துப் பழகிய தோற்றம் இந்த இயந்திரங்களின் கைவண்ணம். குறுக்குக் கோடு மங்கல், நெடுக்குக் கோடு அழுத்தம் என்ற பாகுபாட்டைக் கவனிக்க வேண்டும். வரிசைக் கோட்டின் வேலை கண்ணை நடத்திச் செல்வது மட்டும். அது எழுத்தைவிட முந்திக்கொண்டு தெரிந்தால் காரியம் கெட்டது. பணக் கோட்டின் வேலை வேலி. நம்மூர்ப் பழைய பேரேடுகளில் ஒரு தொகைக்கு ரூபாய், அணா, பை என்று மூன்று வேலிகள். 1957 ஏப்ரல் 1 அன்று நூறு காசு ஒரு ரூபாய் என்று ஆனபோது ஒரு வேலி குறைந்தது. எக்செல்லில் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில் கறுப்புக் கட்டம் போட்டுத் தருகிறவர்கள், அந்தக் காலத்துப் பைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்ததைத் தொலைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

கோடு பட்டையானது கணினிக் காகிதத்தில். 1959இல் ஐபிஎம் 1401 கணினியோடு 1403 என்ற அச்சு இயந்திரம் வந்தது. ஒரு வரியில் 132 எழுத்து, நிமிடத்துக்கு 600 வரி. எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று கிடைமட்டமாகச் சுழன்றோடும். சரியான எழுத்து சரியான இடத்துக்கு வரும் கணத்தில் காகிதத்தின் பின்னாலிருந்து ஒரு குட்டிச் சுத்தியல் தட்டும். அதற்குத் தெரிந்தது எழுத்து அடிக்க மட்டுமே. கோடு இழுக்கத் தெரியாது. கோட்டுக்குறிகளைத் தொடர்ச்சியாக அடித்து ஒப்பேற்றலாம்தான். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே அப்படி ஒரு வரி என்றால் காகிதமும் இரட்டிப்பு, நேரமும் இரட்டிப்பு. 132 எழுத்து அகலத்தில் கோடில்லாமல் படிப்பதோ நடக்காத காரியம். ஆகவே கண்ணுக்கு வழிகாட்டும் பொறுப்பைக் காகிதமே ஏற்றுக்கொண்டது. பதினைந்து அங்குலத்துக்குச் சற்றே குறைந்த அகலம், பதினோரு அங்குல உயரம், இரு ஓரமும் துளைகள், விசிறி மடிப்பு. அரை அங்குலம் வெள்ளை, அரை அங்குலம் வெளிர்பச்சை என்று முன்கூட்டியே அச்சாகி வந்த தாள். நீலப் பட்டையும் உண்டு என்றாலும் பேர் வாங்கியது பச்சை.

அந்த அரை அங்குலத்தில்தான் சூட்சுமம். அச்சு அங்குலத்துக்கு ஆறு வரி. எனவே ஒரு பட்டைக்கு மூன்று வரி. பச்சையின் மேல் வரி, நடு வரி, கீழ் வரி. பிறகு வெள்ளையின் மேல், நடு, கீழ். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. பச்சையின் நடு வரியில் கிளம்பிய கண் பதினைந்து அங்குலம் கடந்தபின்னும் பச்சையின் நடுவிலேயே இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்று பூசியிருந்தால் 'நான் பச்சையில் இருந்தேன்' என்பது மட்டும்தான் நினைவிருக்கும். அடுத்த பச்சைக்கு வழுக்கியிருந்தால் தெரியாது. பட்டைக்கு எண் தெரியாது, எண்ணுக்குப் பட்டை தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். தாளை ஏற்றுபவர் அரை வரி தள்ளி ஏற்றினால் எண்கள் பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவரப்பில் உட்கார்ந்துகொள்ளும். நிரல் எழுதியவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

நம்மூரில் இந்த இனத்துக் காகிதத்தை அதிகம் பேர் பார்த்தது கணினி மையத்தில் அல்ல, ரயில் நிலையத்தில். 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு மற்ற பெருநகரங்களுக்கும் வந்தபின், துளையோரத் தாளில் அச்சான சார்ட் பெட்டிகளின் கதவருகே ஒட்டப்பட்டது. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்படும் முன் அந்தத் தாளின் மேல் ஒரே சமயத்தில் எட்டுப் பத்து ஆள்காட்டி விரல்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சார்ட்டில் பச்சைப் பட்டை கிடையாது, விரல்தான் பட்டை. பெயரில் வைத்த விரலை எடுக்காமல் படுக்கை எண் வரை இழுத்துப் போனவர்கள் சரியான இடத்தில் போய்ப் படுத்தார்கள். 2018 மார்ச் 1 முதல் பெரிய நிலையங்களில் பெட்டியில் சார்ட் ஒட்டுவதைச் சோதனை முறையில் நிறுத்தினார்கள். குறுஞ்செய்தியும் செயலியும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டிருந்தது.

கணினித் திரைக்குள் கணக்குத்தாள் நுழைந்தபோது பட்டை கூடவே வரவில்லை. 1979இல் டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்ட விசிகால்க்கில் 63 பத்தி, 254 வரிசை. திரையின் அகலமோ 40 எழுத்து. நாலைந்து பத்திக்கு மேல் ஒரே பார்வையில் தெரியாது. கட்டக் கோடு கிடையாது, சிறிய ஆங்கில எழுத்துகூடக் கிடையாது. எண்ணை முழு எண்ணாகக் காட்டு, இரண்டு தசமத்தோடு காட்டு, இடப்பக்கம் ஒதுக்கு, வலப்பக்கம் ஒதுக்கு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கட்டளைகள். அவற்றில் ஒன்று மட்டும் விளையாட்டுத்தனமானது: ஒரு செல்லில் 7 இருந்தால் ஏழு நட்சத்திரக் குறிகள் தோன்றும். கிராஃப் போட முடியாத கணினியில் கிராஃப் காட்டும் தந்திரம் அது. அந்த நட்சத்திரங்கள் பின்னாளில் வேறு வேடத்தில் திரும்பி வந்தன, வருகிறேன்.

1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3இல் கோடு போடப் பின்சாய்கோடும் கோட்டுக்குறியும் தட்டினால் போதும். செல்லின் அகலம் முழுக்கக் கோட்டுக்குறி நிரம்பும். பத்தியின் கடைசி எண்ணுக்குக் கீழே அப்படி ஒரு வரிசை, அதற்கும் கீழே மொத்தம். 1403க்கு இருந்த அதே தலைவலிதான்: கோடு ஒரு முழு வரிசையைத் தின்றது. ஆனால் அனுபவசாலிகள் அந்தக் கோட்டையே வேலை வாங்கினார்கள். கூட்டல் சூத்திரத்தின் எல்லையைக் கடைசி எண்ணோடு நிறுத்தாமல் கோட்டு வரிசை வரை நீட்டிவிடுவார்கள். எழுத்து நிரம்பிய செல் கூட்டலில் பூஜ்யம் என்பதால் நஷ்டமில்லை. லாபம் என்னவென்றால், பின்னால் வருகிறவர் கோட்டுக்கு மேலே புது வரிசை செருகினால் அது தானாகவே கூட்டலுக்குள் விழும். அழகுக்குப் போட்ட கோடு காவலுக்கும் நின்றது. அச்சில் எடுக்கும்போது எழுத்தைச் சுருக்கும் ரகசிய எண் ஒன்றைக் கொடுத்தால் எப்சனின் சின்ன டாட் மேட்ரிக்ஸ் இயந்திரம் எட்டங்குலத்துக்குள் 132 எழுத்தை அடைத்தது. ஐபிஎம் வகுத்த அகலம் அங்கேயும் செல்லுபடியானது.

நிஜமான கோடும் நிழலும் கணக்குத்தாளுக்குள் வர ஒரு பத்தாண்டு ஆனது. லோட்டஸ் 1-2-3க்கு ஃபங்க் சாஃப்ட்வேர் எழுதிய 'ஆல்வேஸ்' என்ற துணை நிரல் எழுத்துரு, கோடு, நிழல் மூன்றையும் கொடுத்தது. 1989இல் லோட்டஸே அதைத் தன் பதிப்போடு சேர்த்துத் தந்தது. 1985இல் மெக்கின்டாஷிலும் 1987இல் விண்டோஸிலும் வந்த எக்செல், வரைகலைத் திரையிலேயே பிறந்ததால் செல்லின் விளிம்பையே கோடாக்க முடிந்தது. கோடு இனி வரிசையைத் தின்ன வேண்டியதில்லை. இதற்கிடையே லேசர் அச்சு வந்து வெற்று வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தது. பச்சைப் பட்டைக் காகிதம் கிடங்குக்குப் போனது. காகிதத்தை விட்டுப் போன பட்டையை மக்கள் கையாலேயே திரும்பப் பூசத் தொடங்கினார்கள்.

பூசியவர்களுக்கு ஒரு புதுத் தொல்லை காத்திருந்தது. எக்செல்லில் நிறம் செல்லோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றுவிட்டு ஒன்று அழகாகப் பூசி முடித்தபின் யாராவது பெயர் வரிசைப்படி அடுக்கச் சொன்னால், நிறமும் எண்ணோடு சேர்ந்து இடம் பெயரும். மூன்று பச்சை, ஒரு வெள்ளை, இரண்டு பச்சை என்று கந்தரகோளமாகும். எக்செல் 97இல் நிபந்தனைக்கேற்ற வடிவமைப்பு வந்தபோது இதற்கு ஒரு வழி பிறந்தது: வரிசை எண்ணை இரண்டால் வகு, மீதி இல்லையென்றால் நிறம் பூசு. அடுக்கினாலும் பட்டை அசையாது. ஆனால் ஃபில்டர் போட்டால் கலையும். நடுவில் ஒரு வரிசை ஒளிந்தாலே ஒரே நிறம் அடுத்தடுத்து நிற்கும். 2007இல் வந்த 'டேபிள்' வசதி அதையும் சரிசெய்து, கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் எண்ணிப் பட்டை போட்டது. அந்த ஆண்டில்தான் ஷீட்டின் எல்லை 65,536 வரிசையிலிருந்து 10,48,576க்கு விரிந்ததும். எல்லாம் கச்சிதம். பட்டைக்கு மூன்று வரி என்ற பழைய ஞானம் மட்டும் இயல்பாக வரவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்பதே தயார்நிலைக் கோலம். நான் கேட்டால் மூன்றுக்கு மூன்று என்பேன்.

சரி, பட்டை உண்மையிலேயே உதவுகிறதா? 2008இல் ஆஸ்திரேலியாவின் படிவ வடிவமைப்பாளர் ஜெசிக்கா எண்டர்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். பட்டை உள்ள அட்டவணையையும் இல்லாததையும் கொடுத்துக் கேள்வி கேட்டதில், விடையின் துல்லியத்திலும் வேகத்திலும் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. எது பிடிக்கிறது என்று கேட்டபோது ஆதரவு பட்டைக்கே. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அட்டவணை குறுகலாக இருந்தால் பட்டைக்கு வேலையே இல்லை. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எரன்பெர்க் 1977லேயே சொன்னவை இதைவிடக் காரமான மருந்து: எண்களை இரண்டு முக்கிய இலக்கத்துக்குச் சுருக்கு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, ஒப்பிட வேண்டியவற்றைப் பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வை. இருபது பத்தியில் பதினான்கை யாரும் படிப்பதில்லை என்றால் அவற்றை வேறு ஷீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெயரையும் தொகையையும் பக்கத்தில் கொண்டுவந்தால், கண் வழுக்குவதற்குத் தூரமே இருக்காது.

எண்ணுக்குள்ளேயே கண் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே பட்டையின் வேலையைக் காற்புள்ளி செய்கிறது. 12345678 என்பதை அமெரிக்கர் 12,345,678 என்று பிரிப்பார், நாம் 1,23,45,678. லட்சம் கோடியில் யோசிக்கும் தலைக்கு மில்லியன் காற்புள்ளி ஒவ்வொரு முறையும் ஒரு தடுக்கல். விண்டோஸ் அமைப்பில் நாடு இந்தியா என்று வைத்தால் பிரச்சினை தீரும். வேறு நாட்டு அமைப்பில் உள்ள கணினிக்கும் அதே தோற்றம் வேண்டுமென்றால் எண் வடிவத்தில் நிபந்தனை எழுத வேண்டும்: கோடிக்கு மேல் என்றால் இப்படி, லட்சத்துக்கு மேல் என்றால் அப்படி, மற்றவை வழக்கம்போல். எக்செல் இரண்டு நிபந்தனைக்கு மேல் ஏற்காது. எதிர்மறை எண்கள் 'மற்றவை'யில் போய் விழுகின்றன. விளைவு, இருபத்தைந்து லட்சம் லாபம் 25,00,000 என்று காட்சி தரும்; அதே தொகை நஷ்டமானால் 2,500,000 என்று அமெரிக்கக் கோலம் பூணும்.

இதுவரை சொன்ன நிறமும் கோடும் கண்ணுக்கு உதவியாளர்கள். தனக்கென்று ஒரு செய்தி அவற்றுக்கு இல்லை. நிபந்தனை வடிவமைப்பு நிறத்துக்கு வாய் கொடுத்தது. பாக்கி இருந்தால் சிவப்பு, கட்டியாயிற்று என்றால் பச்சை. எக்செல் 2007 இதை மும்மடங்காக்கி, வண்ணச் சாய்வும் சின்னங்களும் செல்லுக்குள் நீளும் பட்டைகளும் தந்தது. விசிகால்க்கின் நட்சத்திரங்கள் திரும்பி வந்தது இந்த வேடத்தில்தான். வந்தவை முதல் பதிப்பில் கொஞ்சம் பொய்யும் சொல்லின: மிகச் சிறிய எண்ணுக்கும் செல்லின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பட்டை நீண்டது, எதிர்மறை எண்ணுக்குத் தனித் திசை இல்லை. 2010இல் திருத்தினார்கள். சிவப்பு பச்சை ஜோடிக்கு இன்னொரு சிக்கல்: ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இவ்விரண்டையும் பிரித்தறியத் திணறுகிறவர்கள். அதோடு, கையால் பூசிய நிறத்தை எக்செல்லின் சாதாரண சூத்திரங்கள் எதுவும் படிப்பதில்லை. 'மஞ்சள் அடித்ததெல்லாம் ஒப்புதல் ஆனது' என்று ஒருவர் முடிவு செய்து இடமாற்றலில் போய்விட்டால், அந்த மஞ்சள்களின் கூட்டுத்தொகையைக் கேட்டு அவருக்கே போன் போட வேண்டியதுதான். ஒப்புதல் என்று ஒரு பத்தி போட்டு 'ஆம்' என எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் கூட்டலாம்; மஞ்சளை அதன் மேல் தாராளமாகப் பூசிக்கொள்ளலாம்.

தோற்றத்தில் மட்டும் செய்தியை வைத்ததற்கு மிக விலையுயர்ந்த உதாரணம் லேமன் பிரதர்ஸ் விவகாரம். 2008 செப்டம்பர் 15 அன்று அந்த வங்கி திவால் மனுக் கொடுத்தது. சில நாட்களில் பார்க்லேஸ் வங்கி அதன் அமெரிக்கத் தொழிலின் பெரும்பகுதியை வாங்க முன்வந்தது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்கிறோம் என்ற பட்டியலை நள்ளிரவுக்குள் நீதிமன்றத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். செப்டம்பர் 18 மாலை பார்க்லேஸின் வழக்கறிஞர்களுக்கு ஒரு எக்செல் கோப்பு வந்தது: கிட்டத்தட்ட ஆயிரம் வரிசை, 24,000க்கு மேல் செல்கள். வேண்டாத ஒப்பந்தங்களின் வரிசைகளை யாரோ அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் பொறுப்பு, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளம் வழக்கறிஞரிடம் போனது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அவர் வடிவமைப்பைச் சீர் செய்ய, மறைந்திருந்த வரிசைகள் எல்லாம் எழுந்து நின்றன. வேண்டாத 179 ஒப்பந்தங்கள் வாங்கும் பட்டியலில் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போயின. அக்டோபரில் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு விளக்க வேண்டியிருந்தது.

அந்த ஷீட்டில் வரிசை எண்ணை வகுத்துப் போடும் பழைய பாணிப் பட்டை இருந்திருந்தால், ஒரு வரிசையோ மூன்று வரிசையோ ஒளிந்த இடங்களில் எல்லாம் ஒரே நிறம் இரண்டு முறை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். குறை என்று சொல்லித் திருத்திய அந்தக் குணம், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்பதற்கான தடயமும் கூட.

இப்போது பட்டைக்குப் புதிய எதிரி கைபேசி. ஆறங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு மூன்று பத்திக்கு மேல் தெரியாது. பெயர்ப் பத்தியை உறைய வைத்தால் தொகைக்கு இடமில்லை. அதனால் வங்கிச் செயலி, ரயில் செயலி, பள்ளிக்கூடச் செயலி எல்லாமே அட்டவணையைக் குலைத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு தனி அட்டையாக்கிவிடுகின்றன. பெயர் மேலே, தொகை அதன் கீழே. அட்டைக்குள் ஒரே வரிசைதான் என்பதால் வழுக்கி விழ அடுத்த வரிசை கிடையாது. ஆனால் இந்த மாத மின்கட்டணம் போன வருடம் இதே மாதத்தைவிட எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டுமென்றால், விரலால் தள்ளித் தள்ளிப் பல அட்டை தாண்டிப் போக வேண்டும்; அங்கே போய்ச் சேரும்போது முதல் எண் மறந்திருக்கும். அதற்காகவே சிலர் அந்த எண்களை ஒவ்வொன்றாக ஒரு ஷீட்டில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.